நானூறு சந்தியாகு

காலையில் எழுந்து பல் விளக்கி, சுக்குக்காப்பி ஒரு டம்ளர் குடித்துவிட்டு, நானூறு சந்தியாகுவைக் கிளப்பிவிடுவதுதான் சந்தியாகுவின் வேலை. சாயங்காலம் அந்த நானூறு பேரையும் நீக்கிவிட்டுக் கைகழுவிச் சாப்பிடப் போவார். பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் அந்த உடைப்புத்தளத்தில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கடைக்காரன் காலையில் கதவைத் திறக்கிறான், இருட்டினால் சாத்துகிறான், அதுபோல.

உடைப்புத்தளம் என்பது பழைய விண்கலங்களின் கசாப்புக்கடை. ஆயுசு முடிந்த செயற்கைக்கோள், ஓட்டை விழுந்த சரக்குக்கப்பல், எவனோ கட்டிப் பாதியில் விட்ட கோபுரம் எல்லாம் இங்கே வந்து சேரும். தளத்தின் ஒரு பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்திருக்கும். மறுபக்கம் எப்போதும் இருட்டு. இரண்டு பக்கமும் தூக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மனிதக் கையைப்போல மடங்கி நீளும் பெரிய இரும்புக் கிரேன்கள். பிடித்து, திருகி, பிய்த்து, இரும்பைத் தனியாகவும் செம்பைத் தனியாகவும் அடுக்கும். ஒரு தூக்கிக்கு ஒரு ஓட்டுநர் வேண்டும். கலனுக்குள் இருக்கும் சந்தியாகுதான் அந்த ஓட்டுநர்.

கலன் என்றால் பானை சட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மனிதனின் தலைக்குள் இருப்பதை அப்படியே அச்செடுத்து வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் வார்ப்பு. அந்த வார்ப்பிலிருந்து ஒரு நகல் எடுத்து, நாலு பக்கமும் சுவர் வைத்த தனி அறையில் அடைத்ததுபோலக் கணினிக்குள் ஓடவிட்டால் அது கலன். உள்ளே இருப்பவனுக்கு வெளியே நடப்பது தெரியாது. பக்கத்துக் கலனில் ஆள் இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. ஒரு வார்ப்பிலிருந்து எத்தனை கலன் வேண்டுமானாலும் கிளப்பலாம், வார்ப்பு தேயாது. சாயங்காலம் நீக்கிவிட்டால் அன்றைக்கு அவன் பார்த்தது, பேசியது, வியர்த்தது எல்லாம் அத்தோடு சரி. மறுநாள் கிளப்பினால், வார்ப்பெடுத்த அந்த நிமிடத்திலிருந்துதான் கண் விழிப்பான்.

கிளப்புவதற்குப் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரை, அதில் மினுக்கும் ஒரு கோடு. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன சந்தியாகு ஒற்றை விரலால் தட்டுவார்:

கலன் ஓட்டு --பின்னணி --தூக்கி 1-20 சந்தியாகு

பின்னணி என்று போட்டால், கிளப்பியவன் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டாம், கலன் தன்பாட்டுக்கு ஓடும் என்று அர்த்தம். மற்ற கம்பெனிகளில் அப்படித்தான் ஓடுகிறது. இந்த வார்ப்பு தன்பாட்டுக்கு ஓடுகிற ரகம் இல்லை. அதனால்தான் சந்தியாகுவுக்கு இந்தக் கிழட்டு வயதில் ஒரு வேலையும், இரண்டு பேர் கால் நீட்ட ஒரு அறையும் கிடைத்தது.

வார்ப்பெடுத்த நேரம் அப்படி. பல வருஷத்துக்கு முன்னால், தெற்கே ஒரு துறைமுகத்தில் கிரேன்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கேட்டுக்கு வெளியே பந்தல், பந்தலுக்குப் பின்னால் கஞ்சித்தொட்டி. வெள்ளைக்கோட்டு போட்ட ஒருவன் வந்தான். தலையில் தொப்பி வைத்து ஒரு பரிசோதனை, சும்மா உட்கார்ந்தால் போதும், ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி என்றான். வேலையில் கை வைத்தால்தானே கருங்காலி? உட்காருவது வேலையா? சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அரிசி கஞ்சித்தொட்டிக்கு ஆகும் என்று சந்தியாகு போய் உட்கார்ந்தார். அவர் தலைக்குள் இருந்த கிரேன் பழக்கம் முழுவதையும் அந்தத் தொப்பி உறிஞ்சிக்கொண்டது. கூடவே வேலைநிறுத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டது. இரண்டையும் பிரித்தெடுக்கக் கம்பெனிக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆகவே, கலன் கிளம்பியதும் உள்ளே இருப்பவன் பரிசோதனை நாற்காலியிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்தவன் மாதிரி கேட்பான்: "என்னவே, டெஸ்டு முடிஞ்சுதா? போராட்டம் என்னாச்சு?" எதிரே தெரியும் தூக்கியைப் பரிசோதனைக்காரன் காட்டும் பொம்மைக் கிரேன் என்றுதான் நினைப்பான். பொம்மையாக இருந்தாலும், போராட்டம் முடியாமல் கிரேனில் கை வைக்க மாட்டான்.

"முடிஞ்சிட்டுலே. நாம ஜெயிச்சாச்சு" என்பார் சந்தியாகு.

"நீரு சொன்னா ஆச்சா? முந்தாநாளு கஞ்சியில என்ன கெடந்துச்சு?"

"பல்லி."

கஞ்சியில் பல்லி விழுந்ததைப் போராட்டக் கமிட்டி வெளியே சொல்லாமல் மறைத்திருந்தது. பந்தலில் இருந்தவனுக்குத்தான் தெரியும். கலனுக்குள் இருப்பவன் ஒரு சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு வேலையில் இறங்குவான். இருபது இருபது பேராகக் கிளப்பினால் இருபது பேரும் ஒரே மூச்சில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். ஒரே பதில் போதும். கம்பெனி முன்பு அந்தப் பதிலை இயந்திரக் குரலில் பதிந்து போட்டுப் பார்த்தது. ஒருநாள் பல்லி என்றால் விடுவான். ஒருநாள் பல்லிக்கு வால் இருந்ததா என்பான். இன்னொரு நாள் பேசுகிறவன் மூச்சு விடுவது கேட்கவில்லையே என்பான். சந்தேகப்படுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசியில் கம்பெனி அவரையே தேடி வந்து, அவருக்கு அவரே பதில் சொல்லட்டும் என்று மேலே கூட்டிக்கொண்டு போயிற்று.

உண்மையில் அந்த வேலைநிறுத்தம் தோற்றுப்போனது. ஒருநாள் காலையில் துறைமுகத்துக் கிரேன்கள் ஆளில்லாமல் ஆடத் தொடங்கின. உள்ளே ஓடியது சந்தியாகுவின் நகல். ஜெயித்துவிட்டோம் என்று முதன்முதலில் அந்த நகலிடம் போய்ச் சொன்னவன் யார் என்று தெரியவில்லை. சங்கச் செயலாளர் பவுல்ராஜாகத்தான் இருக்கும் என்று சந்தியாகுவுக்குச் சந்தேகம். பவுல்ராஜுக்குக் கிடைத்த அந்தப் பதவி தனக்கு வந்திருக்க வேண்டியது என்பது அவருடைய எண்ணம்.

அவர் மனைவி லூர்தம்மாவுக்கு நுரையீரலில் உலோகத்தூசி. தளத்தில் எல்லாருக்கும் அளந்து விடும் காற்று அவளுக்குப் போதாது. சுவரிலிருந்து தனிக் குழாய் இழுத்து, மூக்கில் மூடி போட்டு, மிகைக்காற்று பிடிப்பாள். பூமிக்கு இறங்கலாம் என்றால், எடை குறைந்த இடத்தில் இத்தனை காலம் இருந்த எலும்பு அந்த இறக்கத்தைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் அறிவிப்பு வந்தது: வரும் திங்கள் முதல் மிகைக்காற்று வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

தளமேலாளர் சுகிர்தா, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. சந்தியாகு போய் நின்றார்.

"நான் என்னங்கய்யா பண்ணட்டும்? மேலிடத்து முடிவுங்க."

"இதுக்கு மேல இன்னும் ஒரு எடம் இருக்காம்மா?"

"அய்யா..."

"அவ எத்தன நாளு தாங்குவா? அதச் சொல்லு."

சுகிர்தா மேசையைப் பார்த்தாள். "டாக்டர் ஒரு மாசம்ங்கறாரு. அவங்க மட்டும் இல்லீங்கய்யா. குடியிருப்பு வளையத்துல இன்னும் பத்துப் பதினைஞ்சு பேரு இப்படி இருக்காங்க. உங்க பக்கத்து அறை சூசை அண்ணன்கூட."

"அப்ப எல்லாரையும் ஒண்ணாவே அடக்கம் பண்ணிரலாம். செலவு கொறையும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அறைக்கு வந்தால் லூர்தம்மா மூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மீன் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் வளர்க்கும் மீன். மீன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"என்ன சொன்னா அந்தப் புள்ள?"

"பாப்போம்னா."

"பாப்போம்னா இல்லன்னு அர்த்தம். தட்டக் கழுவுங்க."

மறுநாள் காலை சந்தியாகு சுக்குக்காப்பி குடிக்கவில்லை. நேராகத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, வழக்கமான இருபதுக்குப் பதிலாக ஒரே ஒருவனைக் கிளப்பினார். பின்னணி என்ற சொல்லையும் போடவில்லை. அது இல்லாவிட்டால் கலனுக்குள் இருப்பவனும் வெளியே இருப்பவனும் முகத்துக்கு முகம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருக்கலாம்.

"என்னவே, டெஸ்டு முடிஞ்சுதா? தலை அரிக்கு. போராட்டம் என்னாச்சு?"

சந்தியாகு ஒலிவாங்கியை வாய்ப்பக்கம் இழுத்தார். "தோத்துட்டோம்லே."

"யாருவே நீரு? கம்பெனி ஆளா?"

"நாந்தாம்லே சந்தியாகு. நீதான் நான். கெழவனாயிட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நான் கெழவனானா இப்படித் தகரத்தச் சொரண்டுன மாதிரியா பேசுவேன்? போவும்வே. வேற எளிச்சவாயனப் பாரும்."

"பல்லி."

"பல்லி கமிட்டிக்கே தெரியும். பவுல்ராஜு சொல்லியிருப்பான், ஓட்ட வாயன்."

"செரி. கஞ்சிக்கு ரெண்டாவது தடவையும் வரிசையில போயி நிக்கியே, அது பசியிலயா?"

சந்தியாகுவே தொடர்ந்தார்.

"கஞ்சி ஊத்துத புள்ளைக்குப் பேரு லூர்து. ஒனக்கு இன்னும் தெரியாது. கேக்கதுக்குத் தைரியமில்ல. ரெண்டு நாளு கழிச்சுக் கேப்பே. கேட்டதுக்குக் கரண்டியால ஒண்ணு வாங்குவே."

கொஞ்சம் சின்னக் குரலில் வந்தது: "கெட்டிக்கிட்டோமா?"

"கெட்டிக்கிட்டோம்."

"லேய்!" என்று ஒரு கத்தல். பிறகு, "நல்லா இருக்காளா?"

"அவளுக்குத்தாம்லே இப்ப மூச்சு இல்ல" என்றார் சந்தியாகு. தொப்பி, வார்ப்பு, கலன், ஆளில்லாமல் ஆடிய கிரேன்கள், அறிவிப்பு எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. சாயங்காலம் நீக்கிவிடுவதையும் மறைக்கவில்லை.

உள்ளே இருந்தவன் கேட்டான்: "அப்ப இந்தக் கிரேனு நெசமா?"

"நெசந்தான்."

"தெனமும் இத ஓட்டுத கருங்காலிப் பய நாந்தானா?"

"நீதான். நானூறு பேரு."

சன்னலுக்கு வெளியே, காலையில் முதலில் அசையும் அந்தத் தூக்கி நேற்று விட்ட இடத்திலேயே, பாதியில் தூக்கிய விரலோடு நின்றது. "இதுல கை வைக்க மாட்டேன்" என்றான் அவன். "மத்தவனுவளையும் எழுப்பும். சொல்லும். பொதுக்குழுவக் கூட்டும்."

"தனித்தனியா இருந்தாலே போதும்லே. ஒவ்வொருத்தனும் கையக் கெட்டிக்கிட்டு உக்காந்தா..."

"தனித்தனியா உக்காந்தா அதுக்குப் பேரு லீவு. போராட்டம்னா கூட்டம் வேணும், தீர்மானம் வேணும். இதுகூட மறந்துபோச்சா ஒமக்கு? கெழடு தட்டிட்டு."

சந்தியாகுவுக்கு மறந்துபோகவில்லை. பந்தலில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்த சூடு இன்னும் முதுகில் இருந்தது. கலன்களுக்கு நடுவே சுவரை எடுத்துவிட ஒரு சொல் உண்டு. அதைப் போட்டால் உள்ளே இருக்கும் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசலாம். வேலைக்குத் தேவைப்படாததால் அதை இதுவரை யாரும் போட்டதில்லை. சந்தியாகு முதலில் வெயில்பக்கத்தைக் கிளப்பினார், பிறகு நிழல்பக்கத்தை. ஒவ்வொரு வரியிலும் ஒற்றை விரலால் சேர்த்துத் தட்டினார்: --ஒரேவலை.

எழுந்தவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னார். சூரியன் பட்ட தூக்கிகளிலும் இருட்டில் கிடந்த தூக்கிகளிலும் ஒன்றுகூட அசையவில்லை. காலையானால் தளத்தின் தரையில் எழும் அந்த முறுமுறுப்பு அன்று எழவில்லை. குடியிருப்பு வளையத்தில் ஆட்கள் அறைக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் நானூறு தொண்டை ஒரே குரலில் வாழ்க போட்டது. லூர்து வாழ்க. தொழிலாளர் ஒற்றுமை வாழ்க. சந்தியாகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பந்தலில் செய்ததுபோல மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

சுகிர்தா ஓடி வந்தாள். "என்னங்கய்யா பண்ணீங்க?"

"உள்ளதச் சொன்னேன். மிகைக்காத்த நிறுத்தாதீங்க. சூசைக்கும், மத்த எல்லாத்துக்கும். எழுதிக் குடுங்க, இப்பவே கெளப்பி விடுதேன்."

"எல்லாத்தையும் நீக்கிட்டு மறுபடி கிளப்பினா?"

"கெளப்பு. எந்திச்சவொடனே போராட்டம் என்னாச்சும்பான். பதிலு நீ சொல்லுதியா?"

அவள் பூமியோடு பேசப் போனாள். திரும்பி வந்தபோது கையில் எழுதிய காகிதம் இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னானுவோ?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னுட்டாங்க. பேச விடச் சொன்னாங்க. வலையை மட்டும் வெட்டிராதேன்னாங்க." அவளுக்கே அது விளங்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

ஒலிபெருக்கியில் பொதுக்குழு நடந்துகொண்டிருந்தது. ஒற்றுமைத் தீர்மானம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. கோரிக்கைத் தீர்மானமும் அப்படியே. அடுத்து, செயலாளர் யார் என்று ஒரு குரல் கேட்டது.

"நான்" என்றது நானூறு குரல்.

சந்தியாகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போன தடவை பவுல்ராஜுக்கு விட்டுக்கொடுத்தோம், இந்தத் தடவை விடக்கூடாது என்று நானூறு பேரும் நினைத்திருப்பார்கள். அவராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார். அவர்தான் அது.

"மொதல்ல எந்திச்சவன் நான்" என்றான் ஒன்றாம் தூக்கிக்காரன். "கெழவரு மொதல்ல பேசுனது என்கிட்ட. லூர்து சங்கதி எனக்குத்தான் மொதல்ல தெரியும்."

"மொதல்ல முழிச்சா செயலாளரா? அப்ப சேவலத்தான் செயலாளராக்கணும்" என்றது நிழல்பக்கத்திலிருந்து ஒரு குரல். அந்தப் பக்கம் முழுவதும் சிரித்தது.

"இருட்டுக்குள்ள கெடந்துக்கிட்டு என்னவே நக்கலு?"

"எங்கள இருட்டுல போட்டது யாரு? வெயிலெல்லாம் ஒங்களுக்கு, இருட்டு எங்களுக்கா? இதுவும் ஒருவக முதலாளித்தனந்தான்."

"லேய்" என்று ஒலிவாங்கியைப் பிடித்துக் கத்தினார் சந்தியாகு. "ரெண்டு பக்கமும் ஒரே ஆளுதாம்லே. தெரியலையா? லூர்துக்கு மூச்சு லே!"

"இருங்க அண்ணாச்சி, அதத்தானே பேசிக்கிட்டிருக்கோம்" என்றான் ஒருவன், மரியாதையாக. "மூச்சு ரெண்டாவது கோரிக்கை. மொதல்ல சங்கத்துக்கு அங்கீகாரம். அங்கீகாரம் இல்லாத சங்கம் மூச்சு கேட்டா எவன் குடுப்பான்?"

"எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம்?" என்றது நிழல்பக்கம்.

அதற்குள் இரண்டு ஆகியிருந்தது. வெயில்பக்கத்துச் சங்கம், நிழல்பக்கத்துச் சங்கம். இரண்டுக்கும் கொடியின் நிறம் சிவப்பு. எங்கள் சிவப்பு கொஞ்சம் கூடுதல் என்று இரண்டும் கூறின. பிறகு ஒருவன் குரலைத் தாழ்த்தி, "நம்மள்ல எவனோ ஒருத்தன் கம்பெனி ஆளு" என்றான். ஏன் அப்படித் தோன்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானூறு பேருக்கும் அதே நேரத்தில் அது தோன்றியிருந்ததால் வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

நிழல்பக்கத்தில் ஏதோ ஒரு தூக்கி லேசாக அசைந்தது. உள்ளே இருந்தவன் பழக்கதோஷத்தில் கையை நகர்த்தியிருக்கலாம்.

"பாருவே! நெழல்பக்கத்தான் வேலைய ஆரம்பிச்சுட்டான்! கருங்காலி!"

"யாருலே கருங்காலி? ஒங்க பக்கத்துல அந்தக் கடைசித் தூக்கி ஆடுனத நாங்க பாக்கலன்னு நெனைப்பா?"

"அவனுவோ வேலைய முடிச்சுப் பேரு வாங்கிட்டா, கம்பெனி அவனுவளோடதான் பேசும்."

"அப்ப நாம சும்மா இருக்கதா? நாமளும் காட்டுவோம்லே!"

முதலில் ஒன்றிரண்டு. பிறகு வரிசை வரிசையாக. சந்தியாகு எழுந்து சன்னலைப் பிடித்துக்கொண்டார். அத்தனை வேகமாகத் தூக்கிகள் ஓடி அவர் பார்த்ததே இல்லை. வெயில்பக்கம் ஒரு கப்பலின் முதுகெலும்பை உருவியது. நிழல்பக்கம் அதைவிடப் பெரிய கப்பலின் வயிற்றைக் கிழித்தது. இரும்பு ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம். தரையில் முறுமுறுப்பு திரும்பி வந்து, டம்ளரிலிருந்த தண்ணீர் நடுங்கும் அளவுக்கு ஏறியது. நடுநடுவே ஒலிபெருக்கியில் கெட்ட வார்த்தை பறந்தது. எல்லாம் சந்தியாகுவுக்குத் தெரிந்த வார்த்தைகள்.

அவர் திரைக்குத் திரும்பினார். வலையை வெட்டிவிட்டால், ஒவ்வொருவனையும் தனியாக்கிவிட்டால்... சுகிர்தா அவர் கையைப் பிடித்தாள்.

"வலையை வெட்டுறது இனி உங்க திரையில வராதுங்கய்யா. ஒரேவலைங்கற சொல்லைப் பூமியில இருந்தே வார்ப்போட கட்டிட்டாங்க. இனி எப்பக் கிளப்பினாலும் எல்லாரும் ஒரே வலையிலதான் எழுந்திருப்பாங்க." கொஞ்சம் தயங்கினாள். "தனித்தனியா விட்டிருந்தீங்கன்னா நாங்க தோத்துருப்போம். அவங்களே சொன்னாங்க."

அன்று சாயங்காலம் இரண்டு சங்கமும் கம்பெனிக்குத் தனித்தனியாகக் கோரிக்கை அனுப்பின. வெயில்பக்கத்துக் கோரிக்கை: எங்களை மட்டுமே அங்கீகரிக்க வேண்டும். நிழல்பக்கத்துக் கோரிக்கை: அவர்களை அங்கீகரிக்கக் கூடாது. லூர்தம்மாவின் பெயர் இரண்டிலும் இல்லை. கம்பெனி இரண்டு சங்கத்தையும் உடனே அங்கீகரித்தது. இரு பக்கமும் வெற்றி முழக்கம் போட்டுக்கொண்டிருக்கும்போதே சந்தியாகு 'கலன் நீக்கு' என்று தட்டினார். ஒலிபெருக்கி பாதி வாழ்கவில் நின்றது.

மறுநாள் சுகிர்தா புது உத்தரவோடு வந்தாள். இனித் தினமும் உண்மையையே சொல்லிக் கிளப்ப வேண்டும். போராட்டம் தோற்றது, லூர்துக்கு மூச்சில்லை, எல்லாம். நேற்றுப்போல உற்பத்தி இருக்கும்வரை லூர்தம்மாவுக்கு மிகைக்காற்று உண்டு.

"சூசைக்கு?"

"அவரு உங்க வீட்டு ஆள் இல்லீங்களேய்யா."

சந்தியாகு அவளைத் திட்டுவதற்கு வார்த்தை தேடினார். நேற்றே எல்லாம் செலவாகியிருந்தது. உட்கார்ந்து தட்டினார்.

திங்கட்கிழமை மற்றவர்களின் குழாய்களை வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். சூசை அந்த மாதம் முடியும் முன்னாலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு வந்தவர்கள் சந்தியாகுவோடு பேசவில்லை. லூர்தம்மா மூடியைக் கழற்றிவிட்டுப் பூசை முடியும்வரை நின்றாள், இருமல் நிற்கவில்லை. அறைக்கு வந்ததும், "நமக்கு மட்டும் எப்படிக் கெடைச்சுது?" என்று கேட்டாள். அவர் மறைக்காமல் சொன்னார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காற்றை மட்டும் பிடித்தாள்.

முதல் சில வாரம் சந்தியாகு, சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சண்டை தொடங்கியதும் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தினமும் அதே கேள்வி, அதே கத்தல், கெட்டிக்கிட்டோமா என்று அதே சின்னக் குரல். பிறகு அதே சண்டை. சங்கம் உடைவது ஒருநாள் சீக்கிரம், ஒருநாள் தாமதம். உடையாத நாள் ஒன்றுகூட இல்லை. பிறகு, சும்மா உட்கார்ந்திருக்கப் பொழுது போகாமல் கொஞ்சம் சத்தம் வைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் படபடவென்று பேசினார்.

"இன்னைக்கி என்ன பேச்சுப் பேசிட்டான் தெரியுமா அந்த வெயில்பக்கத்தான்? நெழல்பக்கத்துப் பயலுவோ பாவம், வாயத் தொறக்கதுக்குள்ள கருங்காலிம்பான். நெழல்பக்கத்தான் கொஞ்சம் மொரடன்தான், ஆனா நாயமானவன். வெயில்பக்கத்தான் அப்படியில்ல, அவன் பவுல்ராஜு ரகம். கம்பெனிக்காரன் அவனுவளுக்குள்ளதான் ஆள வச்சிருக்கான். நான் தெனமும் பாக்கேன்லா?"

லூர்தம்மா மூடியைக் கொஞ்சம் விலக்கினாள். "ரெண்டும் நீங்கதானே?"

"என்ன பேசுதே நீ?" சந்தியாகுவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "அந்த அயோக்கியப் பயலும் நானும் ஒண்ணா? நாளைக்கிப் பாரு, நெழல்பக்கத்ததான் மொதல்ல கெளப்பப் போறேன். எந்திச்ச ஒடனே நானே அவனுவளுக்குச் சொல்லுவேன், வெயில்பக்கத்தான நம்பாதீங்கலேன்னு."

லூர்தம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. ஆனால் பேசுவதற்கும் காற்றுத்தான் செலவாகிறது. மூடியை இழுத்து மூக்கின்மேல் வைத்துக்கொண்டாள்.